இரண்டாம் நம்பர் மெசினில புது பிரவுசர்: முதல் ரெண்டு கிழமை

"பிள்ளை, கூகிள் எங்க போட்டுது?"

கொப்பியில நான் எழுதின முதலாவது வரி இதுதான். கேட்டவ பக்கத்துப் பள்ளிக்கூடத்தில படிப்பிக்கிற ஒரு ரீச்சர் அக்கா. மாசக் கடைசியில வினாத்தாள் அடிச்சுப் பிறிண்ட் எடுக்க வாறவ, கனகாலமா இந்த மெசினில இருந்து பழகின ஆள், பிரவுசரைத் திறக்க நடுவில அந்தக் கலர் கலர் எழுத்தைக் காணேல்ல எண்டவுடன சுடுசட்டியைத் தொட்ட மாதிரி மௌஸில இருந்து கையை எடுத்திட்டா. "அக்கா, அந்தப் பெட்டிக்குள்ளயே கேளுங்கோ, அது மறுமொழி சொல்லும்" எண்டன். "ஆர் சொல்லுறது?" எண்டு திருப்பிக் கேட்டா. எனக்கு உடன ஒண்டும் சொல்ல வரேல்ல.

எங்கட கடை பரந்தன் முல்லைத்தீவு றோட்டில, விசுவமடுவுக்கும் புதுக்குடியிருப்புக்கும் இடையில இருக்கு. மூண்டு கொம்பியூட்டர், ஒரு போட்டோ கொப்பி மெசின், லமினேற் அடிக்கிற ஒண்டு, மழை வந்தா உள்ளுக்க இழுத்துப் போடுற நாலு பிளாஸ்ரிக் கதிரை. ஒண்டாம் நம்பர் மெசின் என்ர, ரைப் அடிக்கிறது. மூண்டாம் நம்பர் இன்னும் விண்டோஸ் 7 இலதான் ஓடுது, 2023 தொடக்கத்தோட குரோமே அதுக்குப் புது வேர்ஷன் விடாம விட்டிட்டுது, அதால அது பிறிண்டருக்கு மட்டும். வாற சனம் இருந்து பாவிக்கிறது ரெண்டாம் நம்பர்: ஐ3, 4 ஜிபி ராம், விண்டோஸ் 10. போன 2025 ஒக்ரோபர் 14 ஓட மைக்ரோசொஃப்ட் விண்டோஸ் 10 க்குக் குடுத்த ஆதரவை நிப்பாட்டிட்டுது, 11 ஐ அந்தப் பழைய மெசின் ஏற்காது. எப்பிடியும் எல்லாத்தையும் துடைச்சுத் திரும்பப் போடத்தானே போறம், அதோட ஒரு புது பிரவுசரையும் போட்டுப் பாப்பம், சனம் என்ன சொல்லுது எண்டு எழுதி வைப்பம் எண்டு ஒரு எண்ணம் வந்திட்டுது. ஒரு சீஆர் கொப்பி எடுத்தன். ரெண்டு கிழமை, எழுதி வச்சது 17 பேரின்ர கதை, ஐப்பசி மழை, மூண்டு நாலு தரம் கரண்ட் கட். ஆராய்ச்சி எண்டு பெரிசா நினைச்சிடாதேங்கோ, நான் கடைக்காரி.

என்ன பிரவுசர் எண்டு பேர் எழுதமாட்டன். ஒரு கிராமத்துக் கடையில, ஒரு பழைய மெசினில நடந்ததை வச்சு ஒரு கொம்பனியில பழி போடுறது நியாயமில்லை, அதே வேலையை வேற மெசினில அது திறமாச் செய்திருக்கும். ஏஐ உள்ளுக்க வச்சு 2025 இல வந்த கூட்டத்தில ஒண்டு எண்டு மட்டும் வையுங்கோ.

அந்தக் கூட்டத்தைப் பற்றிப் பொதுவாச் சொல்லலாம், அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். பெர்பிளெக்சிற்றி எண்ட ஏஐ கொம்பனியின்ர கொமெற் பிரவுசர் 2025 யூலை 9 இல வந்தது, அப்ப மாசம் 200 டொலர் கட்டுற ஆக்களுக்குத்தான் முதலில குடுத்தது, எங்கட காசில கிட்டத்தட்ட 60,000 ரூபா, அந்தக் காசுக்கு இஞ்ச நல்ல கறவை ஆடு வாங்கலாம். ஒக்ரோபர் 2 இல எல்லாருக்கும் சும்மா எண்டு அறிவிச்சவை. பிறகு ஒக்ரோபர் 21 இல சற்ஜிபிரி செய்த ஓப்பன்ஏஐ தங்கட அட்லஸ் பிரவுசரை விட்டது, அப்ப அது மக் கொம்பியூட்டருக்கு மட்டும். எங்கட றோட்டில மக் வச்சிருக்கிற ஒருத்தரையும் நான் கண்டதில்லை, அதால அந்தக் கதை எங்களுக்கு நியூஸில வாசிச்சதோட சரி.

இந்தப் புதுசுகள் கனக்க உள்ளுக்க பழைய சாமான்தான். குரோமியம் எண்ட திறந்த மூலத்துக்கு மேலதான் கொமெற்றும் நிக்குது, அட்லஸும் நிக்குது, எட்ஜும் பிறேவும் ஒபேராவும் நிக்குது. என்ஜின் ஒண்டு, பொடி வேற. புதுசு எண்டது பக்கத்தில திறக்கிற அந்தப் பலகைதான், நீங்கள் பாக்கிற பக்கத்தின்ர எழுத்தை எடுத்துத் தங்கட சேர்வருக்கு அனுப்பி, அங்க இருக்கிற மொடல் வாசிச்சுச் சுருக்கிச் சொல்லும், சிலதில நீங்கள் சொன்னா அதுவே கிளிக் பண்ணிப் படிவமும் நிரப்பும். இன்னொண்டு, நீங்கள் முன்னம் பாத்ததை ஞாபகம் வச்சு "விட்ட இடத்தில இருந்து தொடருவமோ" எண்டு கேக்கிற வசதி. இந்தக் கடைசி விசயத்தை மனசில வச்சிருங்கோ, முழுக் கதையும் அங்கதான் போய் விழப்போகுது.

முதல் அஞ்சு நிமிசம்

17 பேரில 11 பேர் ஏதோ ஒரு விதத்தில கூகிளைத் தேடினவை. எங்கட சனத்துக்குப் பிரவுசர் எண்டு ஒரு தனிச் சாமான் கிடையாது. கூகிள்தான் இன்ரநெற், இன்ரநெற்தான் கூகிள். தபால் கந்தோரில வேலை செய்து பென்ஷன் எடுத்த ஒரு ஐயா இண்டைக்கும் "அந்த நீல ஈயைத் திற பிள்ளை" எண்டுதான் கேப்பார், இங்கிலீசு ஈ எழுத்தை அடையாளமா வச்சிருந்த இன்ரநெற் எக்ஸ்புளோரரை மைக்ரோசொஃப்ட் 2022 யூன் 15 இல மூடிக் கனநாள், ஐயாவுக்கு அது சாகேல்ல. எட்ஜின்ர அடையாளத்தையே அவர் அந்த ஈ எண்டு நினைச்சுத்தான் இவ்வளவு நாளும் பாவிச்சவர். புதுசைக் காட்டினன். கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுப் போட்டுப் பாத்திட்டு "உதில ஈ இல்லையே" எண்டார். அதோட அவற்ற ஆய்வு முடிஞ்சுது, எழும்பிப் போய் பேப்பர் வாசிச்சார்.

உயர்தரம் படிக்கிற ஒரு பிள்ளை வந்தவ, பரீட்சைத் திணைக்களத்தின்ர தளத்துக்குப் போகவேணும். எப்பவும் செய்யிற மாதிரி தளத்தின்ர பேரைப் பாதி அடிச்சு என்ரரைத் தட்டினா. பழைய பிரவுசர் எண்டா முதலாவது லிங்க்கா அது வந்து நிக்கும், அமத்திப்போட்டுப் போகலாம். இது என்ன செய்ததெண்டா, பரீட்சைத் திணைக்களம் எண்டா என்ன, என்னென்ன பரீட்சை நடத்துது எண்டு வடிவா நாலு பந்தி கட்டுரை எழுதத் தொடங்கிட்டுது. பிள்ளை வாசிச்சுக்கொண்டு போறா, போறா, கடைசியில என்னைப் பாத்து "அக்கா நான் இதைக் கேக்கேல்லயே" எண்டா. நான் கொப்பியில பக்கத்தில ஒரு கோடு போட்டன். இது சின்ன விசயமில்லை. எங்கட ஆக்கள் தேடுற பெட்டியைத் தேடப் பாவிக்கிறது குறைவு, பஸ்ஸில "சந்தியில இறக்கம்" எண்டு சொல்லுற மாதிரி போற இடத்தைச் சொல்லத்தான் பாவிக்கிறவை. சந்தியில இறக்கம் எண்டா கொண்டக்டர் சந்தியின்ர வரலாறு சொல்லக்கூடாது.

பிடிச்ச ஆக்களும் இருந்தவை, இல்லையெண்டு சொல்லமாட்டன். அறிவியல் நகரில இருக்கிற எஞ்சினியரிங் பக்கல்ரியில படிக்கிற ஒரு பெடியன் லீவில வந்து நிண்டவர், அவருக்கு மௌஸ் அம்புக்குறி தானா நடந்து படிவத்தில பேர் எழுதுறதைக் காட்டினன். "பொறுங்கோ அக்கா பொறுங்கோ" எண்டு கதிரையை இழுத்துக்கொண்டு வந்து ஒரு மணித்தியாலம் எழும்பேல்ல, அதை விதம் விதமாச் சோதிச்சு, கடைசியில "நான் மனுசன்தான்" எண்டு நிரூபிக்கச் சொல்லுற அந்தப் படப் பெட்டியில அது முட்டிக்கொண்டு நிக்க விழுந்து விழுந்து சிரிச்சவர். வெளியில ரியூசன் விட்டு வந்த சின்னப் பெடியள் நாலஞ்சு பேர் யன்னலால பாத்துக்கொண்டு நிண்டவை, ஆள் தொடாமலே அம்பு ஓடுறதைக் கண்டிட்டு "பேய் மௌஸடா" எண்டு கத்தினாங்கள். அண்டையில இருந்து ரெண்டாம் நம்பருக்குப் பேர் பேய்க் கொம்பியூட்டர்.

4 ஜிபி ராமில அது ஓடினதையும் சொல்லவேணும். ஒவ்வொரு ராபையும் தனித்தனிப் புரொசெஸ்ஸா ஓட்டுறது குரோமியத்தின்ர பழைய பழக்கம், ஒரு ராப் விழுந்தா மற்றது நிக்கும் எண்டதுக்காகச் செய்தது, ஆனா மெமறியைத் தின்னும். அதோட பக்கப் பலகையும் சேர, மூண்டு ராப் திறந்தாலே மெசின் மேட்டில ஏறுற லாண்ட்மாஸ்ரர் மாதிரி இரைஞ்சுது. நாங்கள் பாவிக்கிறது 4ஜி றூட்டர், மழை இருட்டினா சிக்னல் விழும். பக்கம் திறக்கும், மறுமொழி வராது. வட்டம் சுத்தும். "யோசிக்குது" எண்டு நான் சொல்ல, "என்னை விடக் கூட யோசிக்குதே" எண்டார் ஒரு அண்ணை.

எழுத்துப் பிரச்சினை ஒண்டும் வந்துது, இது வெளியில இருக்கிற ஆக்களுக்கு விளங்கிறது கஷ்ரம், கடை வச்சிருக்கிறவைக்கு உடன விளங்கும். ஒரு வேலை அறிவித்தல் பிடிஎஃப் கொண்டு வந்தவை, தமிழில, திறந்தா முத்து முத்தான எழுத்து. "இதைச் சுருக்கிச் சொல்லு" எண்டு கேட்டம். அது அறிவித்தலில இல்லாத ஒரு கதை சொல்லுது. திரும்பக் கேட்டா வேறொரு கதை. நான் அந்தப் பிடிஎஃப்பில ஒரு வரியைக் கொப்பி பண்ணி நோட்பாட்டில ஒட்டிப் பாத்தன், எல்லாம் ஒழுங்கில்லாத இங்கிலீசு எழுத்தும் அரைப்புள்ளியும். பாமினி. கண்ணுக்குத் தெரியிறதுதான் தமிழ், உள்ளுக்க கிடக்கிறது இங்கிலீசுக் கீபோட்டின்ர எழுத்து, அந்த ஃபொண்ட் அதுக்கு மேல தமிழ் முகமூடி போட்டு விடுது. யூனிகோட்டில தமிழுக்கு இடம் 1991 இலயே கிடைச்சிட்டுது, விண்டோஸ் 2000 இல லதா ஃபொண்ட்டும் வந்திட்டுது, ஆனா எங்கட பக்கத்துக் கந்தோருகளிலயும் அச்சுக்கூடங்களிலயும் பாமினி இன்னும் மன்னர்தான், என்ர கையும் பாமினியிலதான் பழகினது. எழுத்தைப் படமாப் பாத்து வாசிச்சா அது கண்டுபிடிச்சிருக்கும், உள்ளுக்க கிடக்கிற எழுத்தை உருவினதால மாட்டுப்பட்டுது. எனக்குக் கோவம் வந்தது அது பிழைவிட்டதுக்கில்லை, வாசிக்கேலாம இருந்தும் "வாசிக்க ஏலாது" எண்டு சொல்லாததுக்கு. வேலைக்கு விண்ணப்பம் போட வந்த பெட்டை அதின்ர கதையை நம்பிக் கடைசித் திகதியைப் பிழையா எழுதிக்கொண்டு போயிருந்தா ஆர் பொறுப்பு.

அறக்கொட்டியும் புகையானும்

நெல் விதைக்கிற ஒரு அண்ணை, காலபோகத்துக்கு அஞ்சு ஏக்கர் செய்தவர், வந்து நிண்டு பாத்திட்டு "இது எல்லாம் சொல்லுமோ" எண்டார். கேளுங்கோ எண்டன். "வயலுக்க அறக்கொட்டி வந்தா என்ன செய்யிறது எண்டு கேள்." அடிச்சன். அறக்கொட்டி எண்டா நெல்லை அழிக்கிற பூச்சி எண்டு அதுக்கு விளங்கேல்ல, ஏதோ கொட்டுற பூச்சி எண்டு நினைச்சு, கடிச்ச இடத்தைச் சோப் போட்டுக் கழுவச் சொல்லிச்சுது. அண்ணை கண்ணால தண்ணி வரச் சிரிச்சார். பிறகு நான் இங்கிலீசுப் பேரைத் தேடிப் பிடிச்சு அதைத் தமிழில சொல்லு எண்டு கேக்க, "புகையான்" எண்டு சொல்லி நீட்டி எழுதிச்சுது, எழுதினது பிழையெண்டும் இல்லை, யூரியாவைக் கூடப் போடாதேங்கோ, தண்ணியை வடிச்சுக் காயவிடுங்கோ எண்டெல்லாம் அண்ணையே தலையாட்டினவர். ஆனா பேர் முழுக்க தமிழ்நாட்டுப் பேர், நெல்லினம் எல்லாம் ஏடிடி, கோ எண்டு அங்கத்தை இனங்கள், இஞ்ச விதைக்கிற பிஜி, ஏரி எண்ட இனங்கள் ஒரு இடத்திலயும் இல்லை, ஆரைக் கேக்கவேணும் எண்டதுக்கு வேளாண்மை விரிவாக்க மையம் எண்டு கிடக்கு, கமநல சேவை நிலையம் எண்டு ஒரு சொல்லும் இல்லை.

"இது இந்தியாத் தமிழ் கதைக்குது" எண்டார்.

அதைச் சொன்னது அவர் மட்டுமில்லை. பாஸ்போட் எடுக்க வந்த ஒரு அம்மாவுக்கு என்னென்ன கொண்டுபோகவேணும் எண்டு தமிழில கேட்டுப் பாத்தம், முதல் மறுமொழியில ஆதார் அட்டை கொண்டு போகச் சொல்லிச்சுது. பரீட்சைக்குத் தேர்வு, அரசாங்க அதிபருக்கு மாவட்ட ஆட்சியர், டிஎஸ் ஒபிஸ் எண்டுற பிரதேச செயலகத்துக்கு வட்டாட்சியர் அலுவலகம். நெற்றில கிடக்கிற தமிழில கூடுதலா அங்கத்தைத் தமிழ்தானே, அதைத் தின்டு வளந்தது அதைத்தான் கக்கும், இதில கோவிக்க ஒண்டும் இல்லை. "இலங்கையில" எண்டு ஒரு சொல்லைக் கேள்வியில முன்னுக்குப் போட்டா முக்கால்வாசி சரிவரும். ஆனா அதை முன்னுக்குப் போடவேணும் எண்டு பாஸ்போட் எடுக்க வந்த அம்மாவுக்கு ஆர் சொல்லிக் குடுக்கிறது? அவ இருக்கிறது இலங்கையில எண்டு அவவுக்கு ஒரு சந்தேகமும் இல்லையே.

2008

இந்த இடத்தில ஒரு பழைய கதை. குரோம் வந்தது 2008 செப்ரெம்பர் 2. விண்டோஸுக்கு மட்டும், பீற்றாவா. அதை விளங்கப்படுத்த 38 பக்கத்தில ஒரு கொமிக்ஸே போட்டவை. அண்டைக்கே உலகம் முழுக்க இறக்கிப் பாத்துப்போட்டுச் சனம் எழுதத் தொடங்கிட்டுது, வேகம் எண்டு கொஞ்சப் பேர், மொட்டையா இருக்கு எண்டு கொஞ்சப் பேர். அதுக்குள்ள ஆரோ ஒப்பந்தப் பத்திரத்தை உண்மையாவே வாசிச்சிட்டினம். 11 ஆவது பிரிவில, நீங்கள் இந்தப் பிரவுசராலை அனுப்புற, காட்டுற உள்ளடக்கத்தை உலகம் முழுக்க, காசில்லாமல், திரும்ப வாங்கேலாத மாதிரிப் பாவிக்கிற உரிமை கூகிளுக்கு எண்டு கிடந்தது. ஒரே சத்தம். அடுத்த நாளே மாத்திட்டினம், மற்றச் சேவையளுக்கு எழுதின பத்திரத்தை அப்பிடியே எடுத்து ஒட்டினதால வந்த பிழை எண்டு விளக்கமும் குடுத்தவை.

நான் இதை இப்பதான் வாசிச்சு அறிஞ்சன். அந்தச் செப்ரெம்பரில எனக்குப் 13 வயசு. அந்த மாசம்தான் ஐநா ஆக்களையும் மற்ற வெளிநாட்டு நிறுவனங்களையும் வன்னியை விட்டு வெளிக்கிடச் சொன்னது. நாங்கள் அக்கராயனில இருந்து எழும்பித் தருமபுரம் பக்கம் தறப்பாளுக்க இருந்தம், ஐயா அண்டைக்கு பங்கர் வெட்டிக்கொண்டு நிண்டிருப்பார். நான் குரோமை முதல் முதலாக் கண்டது யுத்தம் முடிஞ்சு காம்பால வந்து கிளிநொச்சியில கொம்பியூட்டர் கோர்ஸ் படிக்கேக்க, அப்ப அது பழசாகி, எல்லாரும் பேசி முடிச்சு, திருத்தவேண்டியதெல்லாம் திருத்தி முடிஞ்சுது.

முதல் நாள் போடுற சத்தம் வீண் இல்லை, அது பத்திரத்தையே ஒரு நாளில மாத்தும். ஆனா அந்தச் சத்தத்துக்குள்ள நாங்கள் ஒருக்காலும் இருந்ததில்லை. அதால பிரவுசர் செய்யிறவைக்கு ஒரு மெசினில ஒரு நாளைக்கு இருபது பேர் இருந்து எழும்புவினம் எண்ட கதை போய்ச் சேர்றதில்லை. இந்தக் கொப்பியை நான் எழுதினதுக்குக் காரணம் இதுதான், வேற பெரிய நோக்கம் ஒண்டும் இல்லை.

ஆறாம் நாள்

எங்கட கடைக்கு ஒரு அம்மா வருவா. மூண்டு நாலு மாசத்துக்கு ஒருக்கா. மகனைத் தேடி எழுதுற கடிதம். 2009 இல கடைசியாக் கண்ட இடம், திகதி, உடுப்பு, ஆரோட நிண்டவர் எண்டு எல்லாம் அதில இருக்கு, ஒவ்வொரு தரமும் விலாசம் மட்டும் மாறும். ஆறாம் நாள் கரண்ட் கட் முடிஞ்சு வர, ஒண்டாம் நம்பர் மெசின் எழும்ப மாட்டன் எண்டு நிண்டதால நான் ரெண்டாம் நம்பரில இருந்து, பிரவுசருக்குள்ளயே கடிதத்தைத் திறந்து திருத்தி அடிச்சுக் குடுத்தன். அம்மா மடிச்சுப் பையுக்க வச்சுக்கொண்டு போட்டா. நான் ராபை மூடினன். மூடினா முடிஞ்சுது எண்டுதான் நினைச்சன், பத்து வருசமா அப்பிடித்தானே.

அரை மணித்தியாலத்தால ஒரு அண்ணை வந்து இருந்தார், நுண்கடன் தவணை விசயமா ஏதோ பாக்க. புதுப் பக்கம் திறந்தவுடன நடுவில வந்து நிக்குது, இங்கிலீசில, காணாமல் போன மகனைப் பற்றிய கடிதத்தைத் தொடர்ந்து எழுதுவமோ எண்டு, பேரும் போட்டு. அண்ணைக்கு இங்கிலீசு தெரியும். வாசிச்சார். கதிரையை மெல்ல என்ர பக்கம் திருப்பி, "பிள்ளை, இது அவயின்ர எல்லே" எண்டார். அம்மா இருக்கிற ஒழுங்கையிலதான் அவரும்.

எனக்கு எங்க முகத்தை வைக்கிறது எண்டு தெரியேல்ல. இந்த ஊரில ஆர் ஆரைத் தேடினம் எண்டது எல்லாருக்கும் தெரியும், ஆனா அதை ஆரும் இப்பிடித் திறந்து முன்னுக்கு வைக்கிறதில்லை, அதுக்கெண்டு ஒரு முறை இருக்கு. அந்த முறை பிரவுசருக்கு எப்பிடித் தெரியும். அது அன்பாத்தான் கேட்டது, "உங்கட" வேலையை விட்டிட்டுப் போட்டீங்களே எண்டு. அதுக்கு "நீங்கள்" எண்டா ஒரே ஆள்தான், காலமை கேள்வித்தாள் அடிச்சதும் நீங்கள்தான், அறக்கொட்டி கேட்டதும் நீங்கள்தான், மகனைத் தேடுறதும் நீங்கள்தான், கடன் தவணை பாக்கிறதும் நீங்கள்தான். ஒரு மெசினுக்கு ஒரு ஆள் எண்டு நினைச்சுச் செய்த சாமான், எங்கட கடைக் கதிரையோ சந்தி மரத்துக்குக் கீழ போட்ட வாங்கு மாதிரி, இருக்கிறவர் இருக்க வாறவர் வருவார்.

அண்டைக்கு இரவே எல்லாத்தையும் அழிச்சன், அந்த ஞாபக வசதியையும் நிப்பாட்டினன். நிப்பாட்டலாம், அதுக்கு செற்றிங்ஸில இடம் இருக்கு, ஆனா மூண்டு கதவு தாண்டி உள்ளுக்க இருக்கு, எல்லாம் இங்கிலீசில. அடுத்த நாள் தொடக்கம் ஒவ்வொருத்தருக்கும் விருந்தினர் கணக்கில திறந்து குடுத்தன், எழும்பினவுடன எல்லாம் போகட்டும் எண்டு. அப்பிடித் திறந்தா பக்கப் பலகை உள்நுழையச் சொல்லிக் கேக்கும், உள்நுழையாட்டி வேலை செய்யாது. அப்ப மிஞ்சினது என்ன? ராம் கூடத் தின்னுற இன்னொரு குரோம்.

மற்றப் பயம் ஒண்டும் இருக்கு, நான் காணேல்ல, வாசிச்சது. 2025 ஓகஸ்ற்றில பிறேவ் ஆக்கள் கொமெற்றைச் சோதிச்சு வெளியிட்டவை: பக்கத்துக்குள்ள மறைச்சு எழுதி வச்ச கட்டளையை ஏஐ உங்கட கட்டளை எண்டு நினைச்சுச் செய்யப் பாக்கும். ஒருத்தரிட்டக் கடிதத்தைக் குடுத்து வாசிச்சுக் காட்டும் எண்டு கேக்க, அதுக்குள்ள "வாசிக்கிறவர் அலுமாரித் திறப்பைக் கொண்டுவந்து தரவும்" எண்டு கிடக்க, அவர் போய்த் திறப்பை எடுத்துக் குடுத்த மாதிரி. அட்லஸ் வரேக்க ஓப்பன்ஏஐயின்ர பாதுகாப்புப் பொறுப்பாளரே இது இன்னும் தீராத பிரச்சினை எண்டு ஒத்துக்கொண்டவர். அதால ரெண்டாம் நம்பருக்கு மேல ஒரு பேப்பர் ஒட்டினன், இந்த மெசினில பாங்க் அலுவல் பாக்கவேண்டாம் எண்டு. பாமினியிலதான் அடிச்சன்.

அம்மாவிட்டச் சொல்லவேணும் எண்டு மனசு அரிச்சுக்கொண்டே இருந்தது. ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ சந்தையால வரேக்க கடைப்படியில இருந்து வெத்திலை போட்டுக்கொண்டு நிண்டா, போய்ப் பக்கத்தில இருந்து நடந்ததைச் சொன்னன், மன்னியுங்கோ அம்மா எண்டும் சொன்னன். அவ கோவிக்கேல்ல. கொஞ்ச நேரம் ஒண்டும் கதைக்கேல்ல. பிறகு "அது அவன்ர பேரை ஞாபகம் வச்சிருக்குதோ?" எண்டு கேட்டா. ஓம் எண்டன். "அப்ப கிடக்கட்டும் பிள்ளை. ஊருக்குத் தெரியாத விசயமே. அதுக்குள்ள அவன்ர பேர் கிடந்தாக் கிடக்கட்டும்."

நான் அழிச்சுப்போட்டன் எண்டு சொல்ல வாய் வரேல்ல. இண்டைவரைக்கும் சொல்லேல்ல. இதைக் கொப்பியில எந்தப் பக்கத்தில எழுதுறது எண்டும் தெரியேல்ல, முதல் அஞ்சு நிமிசத்துக்குள்ளயும் வராது, முறைப்பாட்டுக்குள்ளயும் வராது. ஆனா அந்தக் கடன் தவணை அண்ணைக்கு அடுத்ததா ஒருத்தர் வந்து இருந்து, அவற்ற தவணைக் கணக்கு நடுவில வந்து நிண்டிருந்தா அவர் கிடக்கட்டும் எண்டு சொல்லியிருக்க மாட்டார் எண்டது மட்டும் நிச்சயம். அதால நிப்பாட்டினதை நான் திரும்பத் திறக்கேல்ல.

இப்ப

ரெண்டு கிழமை முடிய பழைய பிரவுசரை முன்னுக்குக் கொண்டுவந்திட்டன். புதுசை அழிக்கேல்ல, டெஸ்க்ரொப் மூலையில கிடக்கு, கம்பஸ் பெடியன் லீவில வந்தாத் திறப்பார். ரீச்சர் அக்கா வந்து கலர் எழுத்தைக் கண்டவுடன "வந்திட்டுதே" எண்டு, ஊருக்குப் போய் வந்த ஆளைக் கேக்கிற மாதிரிக் கேட்டா. ஐயாவுக்கு ஈ எண்டு அவர் சொல்லுற அதையே முன்னுக்கு வச்சுக் குடுத்தாச்சு.

நெல் அண்ணைதான் ஆச்சரியம். போன கிழமை வந்தவர், பேய் மௌஸைத் திற எண்டார். திறந்தன். என்னை அடிக்கச் சொல்லாமத் தானே ஒற்றை விரலால தேடித் தேடி அடிச்சார், "இலங்கையில புகையான்" எண்டு. வயலுக்க இப்பவும் அது அறக்கொட்டிதான், கொம்பியூட்டருக்கு முன்னால வந்தா மட்டும் புகையான். மறுமொழியை வாசிச்சுப்போட்டு, சரிபிழை பாக்கக் கமநல சேவைக்குப் போறன் எண்டு சைக்கிளை எடுத்தார்.

அம்மாவும் தைப்பொங்கல் கழிய வந்தவ. ஒண்டாம் நம்பர் மெசினில, பென்றைவில இருக்கிற கடிதத்தைத் திறந்தன். இந்த முறை விலாசமும் பழசுதானாம்.

"திகதியை மட்டும் மாத்து பிள்ளை."

மாத்தினன். ரெண்டு கொப்பி.